இன்னைக்கு யாரைக் கொண்டாந்தே

நூஹு ஆலிம்சா கரும்பலகையில் மூன்று எழுத்தை எழுதினார், சாக்பீஸ் தூளை ஊதினார், "ஜாக" என்றார். கடைசி எழுத்து தொண்டைக்கு அடியிலிருந்து, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தத்தோடு வந்தது. மதரஸாவின் மேல்மாடி வகுப்பு மொத்தமும் "ஜாக" என்று கொப்பளித்தது. மக்தூம் மட்டும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தொண்டையை அவன் இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை இரவல் வாங்கியிருந்தான், சொந்தக்காரருக்குத் தெரியாமல். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஆலிம்சா சாப்பிடப் போன நேரத்தில், கீழே ஆபீஸ் அறையில் இருந்த பழைய ஃபோனை எடுத்து, காக்காவின் மாமியார் வீட்டு நம்பரை அழுத்தி, மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு செருமல் வைத்து, "ம்ஹும்... யாரு, உவைஸா? நூஹு ஆலிம்சா பேசுறேன். ம்ஹும்... மதரஸா மொட்டைமாடில கிதாபுகளைக் காயப் போட்டிருக்கேன், மழை வர்ற மாதிரி ஈக்குது. அஸர் பாங்கு சொன்னதும் நேரா மாடிக்குப் போயி அத்தனையும் அடுக்கிரு. நான் வர்ற வரைக்கும் நகரப்படாது, விளங்கிச்சா?" என்றான். அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல், பிறகு பாதி உடைந்து பாதி உடையாத அந்தக் குரல்: "விளங்கிச்சு ஆலிம்சா, வர்றேன் என்னா." ஃபோனை வைத்தபோது வயிற்றுக்குள் பட்டாசுத் திரி எரிகிற மாதிரி ஒரு சுகம், அந்தச் சுகம் படியேறி வருகிறவரை இருந்தது, பாயில் சம்மணம் போட்டு உட்கார்கிறவரை இருந்தது, ஆலிம்சா உள்ளே வந்து அசல் செருமல் ஒன்று செருமியதும் போயே போய்விட்டது. தான் சொன்ன செருமலைவிட இது கொஞ்சம் நீளம் என்று பட்டது. அவ்வளவு நீளமாகச் செருமாமல் விட்டுவிட்டோமே, உவைஸுக்குச் சந்தேகம் வந்திருக்குமோ. வராது. உவைஸுக்குச் சந்தேகம் வர மூளை வேண்டும். ஆனால் வேறொன்று வரலாம், பக்தி வரலாம், ஆலிம்சா கூப்பிட்டுவிட்டாரே என்று அஸர்வரை பொறுக்காமல் இப்போதே தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்து, வாசலில் நின்று, "ஆலிம்சா, வரச் சொன்னியளாமே" என்று கேட்கலாம். அதற்கு மேல் நினைக்க மக்தூமுக்குத் தைரியம் இல்லை, ஆனால் நினைப்பு அதற்கு மேலும் போனது, பிரம்பு, வாப்பா, பள்ளிவாசல் முன்னால் கூட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் காக்காவின் முகம், சிரிக்காத முகம்.

சிரிக்காத முகத்தை அவன் பார்த்ததில்லை. சதக்கு காக்கா சிரிக்கவென்றே பிறந்த ஆள். காக்கா என்றால் இந்த ஊரில் அண்ணன், வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உள்ளறைப் பாயில் காக்கா மல்லாந்து படுத்து, பனியனை வயிற்றுக்கு மேலே சுருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "இன்னைக்கு யாரைக் கொண்டாந்தே?" அதுதான் வாசல். மக்தூம் அந்த வாசல் வழியாக ஊரையே தன் குரலில் கொண்டுவருவான். மீன்காரர் தாசையா வருவார், "ஊளி ஈக்கு, சீலா ஈக்கு, நேத்தைய மீனு இல்ல உம்மா, சத்தியமா முந்தாநேத்தைய மீனு." பள்ளிவாசல் மைக்கை ஊதிப் பார்க்கிற மோதினார் வருவார். பஸ்ஸில் சில்லறை இல்லாத கண்டக்டர் வருவார். வாப்பாவே வருவார், அதுவும் வாப்பா அடுத்த அறையில் இருக்கும்போது, "டே சதக்கு, அந்த மோட்டரைப் போடு, தொட்டி காஞ்சு கெடக்கு" என்று, காக்கா எழுந்து நிஜமாகவே மோட்டார் போடப் போய், பாதி வழியில் திரும்பி வந்து தலையணையால் அடிப்பார், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய. காக்கா ஹாங்காங் போன வருஷங்களிலும் அது நிற்கவில்லை, ஃபோன் வரும், உம்மாவிடம் உடம்பைக் கேட்டுவிட்டு, வாப்பாவிடம் கடையைக் கேட்டுவிட்டு, "அவன்கிட்ட குடுங்க" என்பார், குடுத்ததும் ஸலாம்கூடச் சொல்லாமல், "யாரைக் கொண்டாந்தே?" ஹாங்காங் தூரம்தான், ஆனால் ஹாங்காங்கில் உவைஸ் இல்லை. உவைஸ் இருப்பது ரெண்டு முடுக்கு தள்ளி, பொம்பளைகள் குறுக்கே போய்வருகிற சந்துகளில் ரெண்டாவது சந்து முடிகிற இடத்தில், பச்சைக் கதவு வீட்டில், காக்காவின் பெண்டாட்டிக்குத் தம்பியாக. இந்த ஊரில் கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும், அதுதான் முறை, வாப்பா அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தார், அதை மக்தூம் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் முறை என்பது மழை மாதிரி, அடுத்த தெருவில் பெய்கிறவரை ஒன்றும் தெரியாது. "என் மவன் எங்க போனான், ரெண்டு முடுக்குத் தள்ளித்தானே ஈக்குறான்," என்று உம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்தாள், மக்தூம் அந்த ரெண்டையும் கொண்டுவந்தான், சொல்வதையும் துடைப்பதையும், கண்ணாடி முன்னால், பார்க்க யாரும் இல்லாமல். ஆள் இல்லாமல் கொண்டுவந்தால் குரல் பாதியிலேயே செத்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நேரா போற ஒண்ணு ஒரு பக்கமாச் சாயுது. அதுதான் இந்த வேர்," என்றார் ஆலிம்சா. "சின்ன வேருன்னு நினைக்காதிய, ஆலமரத்து வேரு. ம்ஹும்... இப்ப ஜன்னலுக்கு வெளிய பாருங்க. சூரியன் உச்சியில நின்னுச்சு, நின்னு, மேக்க சாஞ்சிருச்சு. அதுக்கு இந்தச் சொல்தான். அது சாஞ்சாத்தான் லுஹருக்கு நேரம்." சூரியன் சாய்ந்தால் மட்டும் தப்பில்லை, பாங்கு சொல்லித் தொழுகிறார்கள் என்று மக்தூம் நினைத்தான், காக்கா பெண் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் அதற்கும் களறிச் சாப்பாடு என்று கல்யாண விருந்து போடுகிறார்கள், ஊரையே கூப்பிட்டு, ஆடு அறுத்து, சகன் தட்டில் நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து தின்கிறார்கள், என்னைமாதிரி ஒருத்தன் ரெண்டே ரெண்டு வாக்கியம் ஃபோனில் சாய்ந்து பேசினால் அதற்குப் பெயர் மோசடி. ரெண்டு இல்லை, கொஞ்சம் கூடத்தான். ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னது வசதியாகப் போயிற்று, சூரியனைப் பார்க்கிற சாக்கில் அவன் பச்சைக் கதவைப் பார்த்தான். படியில் காக்காவின் பழுப்புத் தோல் செருப்பு, ஹாங்காங்கில் வாங்கியது, வார் கொஞ்சம் தேய்ந்தது. அதன்மேல் பாதி ஏறிக் கிடந்தது உவைஸின் நீல ரப்பர் செருப்பு. எப்படிக் கழற்றியிருக்கிறான் பார், தனக்கென்று தரை இல்லாதமாதிரி. ரெண்டும் அங்கேதான் கிடக்கின்றன, அப்படியென்றால் ரெண்டு பேரும் உள்ளேதான், காக்கா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார், பனியனைச் சுருட்டியிருப்பார், மாமி வட்டலப்பம் கொண்டுவந்து வைத்திருப்பார், "இன்னும் கொஞ்சம் மாப்பிள்ள, இன்னைக்குப் பயணம்லா," என்று. இன்றைக்குப் பயணம். சாயந்தரம் அஸர் தொழுகை முடிந்ததும் கார் வரும், ரயிலடிவரை போகும், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஹாங்காங், இனி அடுத்த லீவுக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். காரில் வாப்பா, மாமா, பெட்டிகள், காக்கா, அப்புறம் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். பெண் வீட்டிலிருந்து பயணம் போகிற மாப்பிள்ளைக்குப் பெட்டி தூக்கிப் போகவேண்டியது மச்சினன், அதுவும் முறையாம். கல்யாணத்துக்கு முன்னால், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அந்தப் பெட்டியைத் தூக்கியவன் மக்தூம். ரயில் வருகிறவரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ரயில்வே ஒலிபெருக்கி அக்காவைக் கொண்டுவந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சதக்கு காக்கா புரோட்டா தின்ற காரணத்தால் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்," என்று சொன்னான், டீ காக்காவின் மூக்கு வழியே வந்தது, பக்கத்தில் இருந்த டிடிஆரும் சிரித்தார். அந்த பிளாட்பாரத்தில் இன்றைக்கு உவைஸ் உட்காரப் போகிறான். உட்கார்ந்து என்ன செய்வான். மூக்கை உறிஞ்சுவான். மாடிக்குப் போய்விட்டால் உட்கார மாட்டான், கிதாபே இல்லாத மொட்டைமாடியில் கிதாபைத் தேடிக்கொண்டு நிற்பான், கார் ஹாரன் அடிக்கும், பெட்டி தூக்க ஆள் இருக்காது, அப்போது ஒருத்தன் சும்மா அந்தப் பக்கம் வந்தமாதிரி வந்து, என்ன, ஆள் இல்லையா, சரி கொடுங்க.

திட்டம் அத்தனை அழகாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் ஏதோ சிக்கிக்கொண்டு இருந்தது, பல்லிடுக்கில் மாட்டிய கறி நார் மாதிரி, அதை நாக்கு திரும்பத் திரும்பப் போய்த் தொட்டது. உவைஸ் ஒரு தடவைகூடக் காக்காவைச் சிரிக்கவைக்க முயற்சி செய்ததில்லை. அதுதான் சிக்கல். அவன் ஏதாவது வித்தை காட்டியிருந்தால் மக்தூம் அதைவிடப் பெரிய வித்தை காட்டியிருப்பான், அவன் பாட்டுப் பாடினால் இவன் பாடகனையே கொண்டுவந்திருப்பான், ஆனால் அந்த உவைஸ் ஒன்றுமே செய்யாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து, "மச்சான், எங்க வீட்டுப் பூனை என்னைப் பார்த்தா மட்டும் கொட்டாவி விடுது என்னா," என்றான், அவ்வளவுதான், அதில் சிரிக்க என்ன இருக்கிறது, காக்கா சிரித்தார், பாயில் புரண்டு, தொடையைத் தட்டி, கண்ணீர் வழிய. விருந்துக்குப் போயிருந்த மக்தூம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதே சிரிப்பு. அதே தொடை. ஒரு சிரிப்பை ரெண்டு பேருக்குக் கொடுக்கலாம் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அன்றையிலிருந்து ஊரில் எல்லாரையும் கொண்டுவந்த மக்தூம் உவைஸை மட்டும் கொண்டுவரவில்லை, சேக்காளிகள் கேட்டார்கள், "டே, ஒன் காக்காட மச்சினனைக் கொண்டாடா," வராது என்று சொல்லிவிட்டான், உண்மையிலேயே வரவில்லை. குரல் வாயில் பிறக்கிற சரக்கில்லை, காதில் பிறக்கிறது, ஓர் ஆளின் குரல் வரவேண்டுமென்றால் அந்த ஆளின் பக்கம் காதைச் சாய்த்து எத்தனையோ நாள் கிடக்கவேண்டும், வெறுத்தாலும் சரி, சாய்ந்துதான் வெறுக்கவேண்டும். அவனுக்காக என் காது ஒரு நூல்கூடச் சாயாது.

"பல்லு ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நின்னாலும் இந்த வேர்லேருந்து ஒரு சொல் ஈக்குது," என்று ஆலிம்சா சொல்லிக்கொண்டிருந்தார், பையன்கள் ஒருத்தன் பல்லை ஒருத்தன் பார்த்து இளித்தார்கள், "மக்தூமுக்குத்தான் ஆலிம்சா, முன்பல்லு மல்லுக்கட்டி நிக்கிது," என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். "ஒனக்கு மட்டும் கம்பி போட்ட வேலியா, சும்மா இரிடா. ம்ஹும்... ஜாக் அப்படின்னு அரபு நாட்டுல ஒரு பறவை. சின்னக் காக்கா." "என் சின்னக் காக்காவா ஆலிம்சா, அவுக துபாய்லல்ல ஈக்குறாக?" "பறக்குற காக்காடா, ஹயவான்." வகுப்பு சிரித்தது. சிரிக்கிற சத்தத்தில் மக்தூமின் கண் மறுபடி ஜன்னலுக்குப் போனது, போய் அங்கேயே குத்தி நின்றது. படியில் நீலச் செருப்பு மட்டும் கிடந்தது. பழுப்பைக் காணோம். காக்கா எங்கே போனார், பயண நாளில், வெயிலில், உறங்காமல். கடைக்கா. பயணம் சொல்ல உம்மாவிடமா. உம்மாவிடம் போனால் நான் அங்கே இல்லையே. அல்லது உவைஸ் ஏதாவது கேட்டுவிட்டானா, மச்சான், ஆலிம்சா கூப்பிட்டாக, கார் போயிருமே, என்ன செய்ய என்னா, என்று அழுது மூக்கை உறிஞ்ச, காக்காவும், நீ இரு, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், என்று அவனுக்காக, அவனுக்காக வெயிலில். "மக்தூம்." அவனுக்காகச் செருப்பைப் போட்டுக்கொண்டு. "மக்தூம், கண்ணு எங்க? கண்ணு வழி மாறிப் போறதுக்கும், உள்ள ஈக்குற கல்பு வழி மாறிப் போறதுக்கும் இதே சொல்தான். எந்திரி. இதுவரைக்கும் சொன்ன அர்த்தமெல்லாம் சொல்லு." மக்தூம் எழுந்தான். உள்ளுக்குள் அந்த ஃபோன் பேச்சு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, எங்கே தப்பு விட்டோம், எந்தச் செருமலில் மாட்டினோம் என்று, அதை நிறுத்தாமலே வாயைத் திறந்தான். "ம்ஹும்... நேரா போற ஒண்ணு ஒரு பக்கமாச் சாயுது. சூரியன் சாஞ்சா அது, கண்ணு சாஞ்சா அது, கல்பு சாஞ்சாலும் அதுதான். பல்லுக்கும் ஈக்குது. விளங்கிச்சா?" அவன் அதைத் தன் குரலில் சொல்லவில்லை. ஆலிம்சாவின் மூக்கு, ஆலிம்சாவின் தொண்டை, ஆலிம்சாவின் விளங்கிச்சா, ஆலிம்சாவிடமே. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், ஜிப்பா நுனியில் துடைத்தார், மறுபடி போட்டு அவனைப் பார்த்தார். "நான் இம்புட்டு மூக்காலயா பேசுறேன்?" என்று முன்வரிசைப் பையனிடம் கேட்டார். அவன் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் தலையை ஆட்டினான். "நல்லாத்தான் ஈக்குது. நான் சொன்னதைத்தானே சொன்னே, போவுது. சொல்லாததை என் குரல்ல சொல்லிராதடா, மனுஷன் ஊருல தலைகாட்ட முடியாது." எல்லாரும் சிரித்தார்கள், மக்தூமின் முதுகில் வேர்வை ஓர் எறும்பு மாதிரி இறங்கியது. தெரிந்து சொல்கிறாரா. தெரியாமல் சொல்கிறாரா. தெரிந்தால் பிரம்பு எடுத்திருப்பார். அப்போது படியில் காலடி கேட்டது, யாரோ ஏறி வருகிறார்கள், பாதிப் படியில் ஒரு மூக்குறிஞ்சல், பிறகு அந்தக் குரல், பாதி உடைந்து பாதி உடையாமல்: "ஆலிம்சா, உள்ள வரட்டுமா என்னா?"

வாசலில் நின்றது உவைஸ் இல்லை. பழுப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, சதக்கு காக்கா நின்றார். "யாரு, சதக்கா," என்று ஆலிம்சா எழுந்தார், "பயணம் சொல்ல வந்தியா? வாப்பா வா. தொண்டை என்ன கட்டிருக்கு?" "வெயிலு ஆலிம்சா," என்று காக்கா தன் குரலில் சொன்னார், கையைப் பிடித்து ஸலாம் சொன்னார், ஆலிம்சா அவர் தோளில் கையை வைத்து துஆ ஓதினார், "இவனைக் கொஞ்சம் வெளிய விடுவியளா" என்று காக்கா கேட்டதும், "கூட்டிட்டுப் போ, திருப்பிக் கொண்டாந்து விட்டிரு," என்றார். படிக்கட்டில் ரெண்டு பேரும் நின்றார்கள். காக்கா ஒரு படி கீழே, அதனால் ரெண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ஃபோனை எடுத்தது நான்தான். அவன் அப்ப உறங்குறான், இப்பவும் உறங்குறான்."

மக்தூம் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டினான். விஷயம் பிடிபட்டுவிட்டது, அதைப் பற்றித்தான் பயப்படவேண்டும், ஆனால் நினைப்பு அந்தப் பக்கம் போகாமல் வேறெங்கோ இடறி நின்றது. என்னையே ஏமாற்றிவிட்டார். நானே உவைஸ் என்று நம்பிவிட்டேன். உறிஞ்சல், உடைசல், அந்த என்னா, எதுவும் தப்பவில்லை. இதுவரை ஓர் ஈயைக்கூடக் கொண்டுவராத ஆள்.

"எப்ப கத்துக்கிட்டிய?"

"என்னத்தை?"

"அவனை."

காக்கா யோசித்தார். "கத்துக்கல. கூடவே கெடக்குறானா, தன்னால வந்துருச்சு."

தன்னால. அந்தச் சொல் நெஞ்சுக்குள் மீன் முள் மாதிரி போய் நின்றது. தன்னால வராது காக்கா, எனக்குத் தெரியும், என் தொழில் இது. சாய்ந்தால்தான் வரும். இவ்வளவு துல்லியமாக வரவேண்டுமென்றால் ராத்திரியும் பகலும் சாய்ந்து கிடந்திருக்கவேண்டும்.

"கார்ல அவன்தான் வருவான்," என்றார் காக்கா. "மாமி அவனுக்குச் சட்டையெல்லாம் தேச்சு வச்சிருக்காக. நீ என்ன வேலை செஞ்சாலும் அதுதான் நடக்கும். கோவமா?"

"இல்ல."

"இன்னைக்கு யாரைக் கொண்டாந்தே?"

ஊர் முழுக்க அவன் தொண்டைக்குள் வந்து வரிசையில் நின்றது, மீன்காரர், மோதினார், கண்டக்டர், ஒலிபெருக்கி அக்கா, ஒருத்தரும் வெளியே வரவில்லை. அவன் கேட்டது வேறு. கேட்கவேண்டும் என்று நினைக்காமலே கேட்டான். "என்னை வருமா ஒங்களுக்கு?"

காக்கா அவனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த முகத்தை மக்தூம் முதல்தடவையாகப் பார்த்தான், பயந்த அளவுக்கு அது ஒன்றும் மோசமாக இல்லை, கொஞ்சம் களைத்துப்போய், கொஞ்சம் வாப்பா மாதிரி இருந்தது. பிறகு காக்கா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு குரலில் பேசினார். யாருடைய குரல் என்று மக்தூமுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஊரில் ஒவ்வொரு குரலையும் அவனுக்குத் தெரியும், இது தெரியவில்லை, மெலிதாக, அவசரமாக, சகரம் வருகிற இடத்தில் பல்லுக்கு நடுவே காற்று ஒரு சின்ன விசிலோடு போகிற குரல்.

"சாயந்தரம் போவாதிங்க காக்கா."

அதை அவன் சொன்னதே இல்லை. இந்தத் தடவையும் இல்லை, போன தடவையும் இல்லை, பிளாட்பாரத்தில் எல்லாரையும் கொண்டுவந்து சிரிக்கவைத்தபோதும் இல்லை. காக்கா கண்ணைத் திறந்தார். "சரியா வந்துச்சா?" என்று தன் குரலில் கேட்டார். மக்தூம் வந்தது என்று தலையை ஆட்டினான். காக்கா அவன் தலைத் தொப்பியை நேராக்கினார், அது நேராகத்தான் இருந்தது, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழ்ப்படியில் அந்தச் செருப்பு ஒருமுறை வழுக்கிச் சத்தம் போட்டது, பிறகு முடுக்கில் சத்தம் இல்லை.

வகுப்புக்குள் வெயில் ஜன்னலைத் தாண்டிப் பாயில் சாய்ந்து கிடந்தது. மக்தூம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். பின்னாலிருந்தவன் முதுகில் விரலால் குத்தி, "யாருடா வந்தது, உவைஸு குரல் கேட்டுச்சு, ஆளு வேற மாதிரி ஈந்துச்சு," என்று கிசுகிசுத்தான். எதைச் சொல்லலாம், எந்தக் குரலில் சொல்லலாம் என்று வழக்கம்போலத் தொண்டை ஆள் தேடியது.

"சதக்கு காக்கா," என்றான் மக்தூம்.

முன்பல்லுக்கு நடுவே காற்று ஒரு சின்ன விசிலோடு போவது அவனுக்கே கேட்டது.